மூன்று கிரேக்க எழுத்துகள்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, 'மாணவர் சகோதர சங்கங்கள்' என்ற தொடரை எந்த விளக்கமும் இல்லாமல் போட்டுவிட்டுக் கடந்துவிட்டேன். அந்தக் குறையைச் சுட்டிக்காட்டிச் சித்தூர் வட்டத்திலிருந்தும் கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. பாலக்காட்டு எல்லையில் இன்று வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் என்றாகிவிட்ட நிலையில் இது வியப்பில்லை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் தங்கை குடும்பம் டெக்சாஸில் இருக்கிறது. அவள் மகள் ஆஸ்டின் நகரப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நெஞ்சில் மூன்று அந்நிய எழுத்துகள் பொறித்த சட்டையோடு பத்துப் பதினைந்து பெண்களுடன் நிற்கும் படத்தை அனுப்பி, "பெரியம்மா, இவர்கள் எல்லோரும் என் சிஸ்டர்ஸ்" என்கிறாள். அவளுக்குக் கூடப் பிறந்தது ஒரு தம்பி மட்டும்தான். இது மதமாற்றமா, ரகசியக் கூட்டமா? தங்கையைக் கேட்டால், "அதெல்லாம் ஒரு கிளப் மாதிரி அக்கா" என்று பேச்சை முடித்துவிடுகிறாள். (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: அம்மா, மதமும் இல்லை, மதமாற்றமும் இல்லை, கவலையை விடுங்கள். ஆனால் தங்கள் தங்கை சொன்ன 'கிளப்' என்ற சொல்லும் முழுதாகப் பொருந்தவில்லை. கிளப்பில் சந்தா கட்டுகிறவரை உறுப்பினர், நிறுத்தினால் வெளியாள். இந்தச் சங்கங்களிலோ, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் புதியவர்களைப் பார்த்துப் பழகித் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வானவர் சில வாரங்கள் பயிற்சிக்காலத்தில் இருந்து, சடங்கோடு உறுதிமொழி எடுத்துச் சேர்கிறார். படிப்பு முடிந்து வேலைக்குப் போய்ப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவர் அந்தச் சங்கத்தின் ஆளாகவே கருதப்படுகிறார். ஆண்களுடையதற்கு ஃபிரட்டர்னிட்டி என்றும் பெண்களுடையதற்குச் சொராரிட்டி என்றும் பெயர். லத்தீன் மொழியில் ஃபிராட்டர் என்றால் சகோதரன், சொரோர் என்றால் சகோதரி. அந்த வேர்களிலிருந்து வந்த சொற்கள் இவை.

சட்டையிலுள்ள எழுத்துகள் கிரேக்க எழுத்துகள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் ஆல்ஃபா, பீட்டா, தீட்டா என்று படித்தவைதான். பெரும்பாலான சங்கங்களில் அவை ஒரு கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகள். சில சங்கங்கள் அந்த வாசகத்தை வெளியே சொல்லும், சில சொல்லாது. இவற்றுள் மூத்ததான ஃபை பீட்டா கப்பாவின் வாசகம் ஊரறிந்தது: மெய்யறிவின் மேல் உள்ள நாட்டமே வாழ்க்கையின் மீகாமன். கப்பலைச் செலுத்துகிறவன் என்று பொருள்படும் அந்தக் கடைசிக் கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் இத்தனை பொருத்தமான பழஞ்சொல் இருப்பதைக் கண்டபோது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டாயிற்று.

ரகசியம் என்று பார்த்தால், சேர்க்கைச் சடங்கு, கைகுலுக்கும் முறை, சில வாசகங்கள் ஆகியவற்றை மறைத்துவைக்கும் வழக்கம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் செல்வாக்கோடிருந்த ஃபிரீமேசன் என்ற ரகசியச் சகோதர அமைப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம் அது. சங்கத்தின் பெயர், பொறுப்பாளர்கள், கிளையின் நடவடிக்கைகள் எதுவும் ரகசியமில்லை; பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டுதான் நடத்துகிறார்கள்.

தங்கள் தங்கை மகள் இனிமேல் 'பிக்' என்று ஒருத்தியைக் குறிப்பிட்டால் அதற்கும் குழம்ப வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவளுக்கு வழிகாட்டியாக மூத்தவள் ஒருத்தியை அமர்த்துவார்கள். மூத்தவள் 'பிக்', இளையவள் 'லிட்டில்'. அக்காள் தங்கை முறைதான். நம் எல்லையில் பேருந்தில் இடம் கேட்பதற்குக்கூட முன்பின் தெரியாத பெண்ணை, ஊரைப் பொறுத்து, 'அக்கா' என்றோ 'சேச்சி' என்றோ அழைத்துவிடுகிறோம். அங்கே அந்த ஓர் உறவுச் சொல்லைப் பெறுவதற்குச் சந்தாவும் உறுதிமொழியும் வேண்டியிருக்கின்றன.

கேள்வி: இந்தச் சங்கங்களை முதலில் தொடங்கியவர்கள் யார்? ஆண்கள் தொடங்கியது பெண்களிடம் எப்படி வந்தது? (ஓய்வு பெற்ற ஆசிரியர், வேலந்தாவளம்)

பதில்: தொடக்கம் 1776 டிசம்பர் 5. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் உள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி ஃபை பீட்டா கப்பாவை நிறுவினார்கள். விவாதமும் இலக்கியமும் நட்பும் அதன் நோக்கங்கள். வகுப்பறையில் பேச இடமில்லாத பொருள்களைத் தமக்குள் பேசுவதற்கு ஓர் அறை வேண்டியிருந்தது; அந்த அறைக்குள் பேசியது வெளியே போகக் கூடாது என்பதற்காகவே ரகசியமும் வேண்டியிருந்தது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது நிறுவிய நாளைவிட, சில ஆண்டுகள் கழித்து நடந்ததை. தம் சங்கம் ஒரே கல்லூரியோடு நின்றுவிடக் கூடாது என்று எண்ணிய அந்த இளைஞர்கள், வேறு கல்லூரிகளில் கிளை தொடங்கப் பட்டயம் எழுதிக் கொடுத்தார்கள். யேலில் 1780-இலும் ஹார்வர்டில் 1781-இலும் கிளைகள் அமைந்தன. அதே வேளையில் சுதந்திரப் போர் வர்ஜீனியாவுக்குள் வந்து, வில்லியம் அண்ட் மேரி கல்லூரியே மூடப்பட்டு, தாய்ச் சங்கம் செயலற்றுப் போனது. ஆலமரத்தின் அடிமரம் சாய்ந்தும் விழுதுகள் நின்ற கதை இது. அந்தப் பட்டயங்களை எழுதியிராவிட்டால் இன்று இந்தப் பெயரை ஒரு வரலாற்று ஆய்வாளரைத் தவிர வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் ஹார்வர்டுக் கிளை ரகசியத்தைக் கைவிட்டது. ஃபை பீட்டா கப்பாவும் மெல்ல மெல்ல நல்ல மதிப்பெண் பெறுவோரைச் சேர்த்துக்கொள்ளும் கௌரவ அமைப்பாக மாறிவிட்டது.

இன்றைய பொருளில் ஃபிரட்டர்னிட்டி என்று சொல்லத்தக்கவை, நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில் உள்ள யூனியன் கல்லூரியில் பிறந்தன. அங்கே 1825-இல் கப்பா ஆல்ஃபாவும் 1827-இல் சிக்மா ஃபை, டெல்டா ஃபை ஆகிய இரண்டும் எழுந்தன. அக்காலத்துக் கல்லூரி வாழ்க்கை, விடியற்காலைப் பிரார்த்தனையில் தொடங்கி லத்தீனையும் கிரேக்கத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்பதில் முடியும். பெரும்பாலும் பாதிரியார்களே கல்லூரித் தலைவர்கள். அந்த இறுக்கத்துக்குள் தமக்கென்று ஒரு வட்டம் அமைத்துக்கொள்ள மாணவர்கள் விரும்பியதும், அதை நிர்வாகங்கள் சந்தேகத்தோடு பார்த்ததும் இயல்பே. பின்னர் ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் 1839, 1848, 1855 ஆகிய ஆண்டுகளில் மூன்று சங்கங்கள் தோன்றி, மேற்கே குடியேற்றம் நகர்ந்த வழியே கிளைகளை நட்டுக்கொண்டு போயின.

இனிப் பெண்கள். ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரின் மகளிர் கல்லூரியில் 1851-இலும் 1852-இலும் இரண்டு மாணவியர் சங்கங்கள் அமைந்தன. அவை கிரேக்க எழுத்துப் பெயரைச் சூட்டிக்கொண்டது பிற்காலத்தில். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் கல்லூரியில் நிலைமை வேறு. இந்தியானா மாநிலத்தின் கிரீன்காசில் நகரில் இருந்த இந்தியானா ஆஸ்பரி கல்லூரி 1867-இல்தான் பெண்களைச் சேர்த்தது; இன்று அது டிபா பல்கலைக்கழகம். முதலில் நுழைந்த பெண்களில் பெட்டி லாக் என்பவர் ஒருவர். ஆண்களின் சங்கம் ஒன்று அவரிடம் தன் சின்னத்தை அணிந்துகொள்ளச் சொன்னது. ஆனால் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. உறுப்புரிமை இல்லாத சின்னம் எனக்கெதற்கு என்று அவர் மறுத்துவிட்டார். பேராசிரியராகவும் ஒரு சகோதர சங்கத்தின் உறுப்பினராகவும் இருந்த அவருடைய தந்தை, அப்படியானால் நீயே ஒன்றைத் தொடங்கு என்று ஊக்கப்படுத்தியதாகக் கூறுவார்கள். 1870 ஜனவரி 27 அன்று நான்கு பெண்கள் சேர்ந்து கப்பா ஆல்ஃபா தீட்டாவை நிறுவினார்கள். கிரேக்க எழுத்துப் பெயரோடு பிறந்த முதல் மகளிர் சங்கம் அது.

அப்போது 'சொராரிட்டி' என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. 'பெண்களின் ஃபிரட்டர்னிட்டி' என்றே எழுதினார்கள். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1874-இல் தொடங்கிய காமா ஃபை பீட்டா சங்கத்துப் பெண்களுக்காக, ஃபிராங்க் ஸ்மாலி என்ற லத்தீன் பேராசிரியர் உருவாக்கிய சொல் அது. இந்த மகளிர் சங்கங்கள் 1902-இல் சிகாகோவில் கூடித் தமக்கென ஒரு பொது மாநாட்டு அமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. இன்று அதில் 26 சங்கங்கள் இருக்கின்றன.

கேள்வி: கமலா ஹாரிஸுக்கு மாயா என்ற ஒரே தங்கைதான் என்று படித்திருக்கிறேன். ஆனால் தேர்தல் சமயத்தில் அவருடைய 'சகோதரிகள்' ஆயிரக்கணக்கில் திரண்டு பிரசாரம் செய்ததாகச் செய்தி வந்ததே? (கொல்லங்கோடு வாசகர்)

பதில்: அவர்கள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சங்கத்தினர். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகளான கமலா ஹாரிஸ், வாஷிங்டனில் உள்ள ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் (மேலே வந்த ஹார்வர்டு அல்ல; இது கறுப்பினத்தவரின் கல்விக்காக எழுந்தது) படித்து 1986-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இந்தச் சங்கத்திலும் சேர்ந்தார். 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்தியபோது, தன் குடும்பம் என்று அவர் அடுக்கிய வரிசையில் சித்திமார்களோடு இந்தச் சங்கத்தையும் சேர்த்தே சொன்னார். 'சித்தி' என்ற தமிழ்ச் சொல் அந்த உரையில் வந்ததை நம் பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்து வந்த கிரேக்கப் பெயரை யாரும் கவனிக்கவில்லை.

இந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பழைய சங்கங்களில் பெரும்பாலானவை வெள்ளையரான கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தன. சிலவற்றின் விதிகளில் அது எழுத்திலேயே இருந்தது. யூத மாணவர்கள் தமக்கென்று தனிச் சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். கறுப்பின மாணவர்களின் நிலை அதைவிடக் கடினமானது. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1904-05 கல்வியாண்டில் படித்த கறுப்பின மாணவர்கள் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. தங்க இடமும் கூடிப் படிக்கத் துணையும் இல்லாமல் தனித்துப் போவதுதான் காரணம் என்பதை மற்றவர்கள் உணர்ந்தார்கள். முதலில் படிப்பு வட்டமாகக் கூடி, பிறகு 1906 டிசம்பர் 4 அன்று ஏழு பேர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவை நிறுவினார்கள். மார்ட்டின் லூதர் கிங் பிற்காலத்தில் இதில் சேர்ந்தவர். வாஷிங்டனில் 2011-இல் திறக்கப்பட்ட அவருடைய நினைவிடத்துக்கான முயற்சியைத் தொடங்கியதும் இந்தச் சங்கமே.

இரண்டாண்டுகளுக்குள், 1908 ஜனவரி 15 அன்று, ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் முயற்சியால் ஒன்பது பெண்கள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். கறுப்பினப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அது. சற்றுப் பின்னர் சேர்ந்தவர்களையும் கூட்டி நிறுவனர்களாகக் கருதப்படும் இருபது பேரை 'இருபது முத்துகள்' என்பார்கள். கமலா ஹாரிஸ் அடிக்கடி முத்துமாலை அணிவதன் பின்னணியும் இதுதான்.

ஐந்தாண்டுகள் கழிந்ததும் அச்சங்கத்துக்குள்ளேயே ஒரு கருத்து வேறுபாடு. கூடிப் பழகுவதைவிடப் பொதுப் பணியில் நேரடியாக இறங்க வேண்டும் என்று எண்ணிய 22 மாணவியர் பிரிந்து, 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டாவை நிறுவினார்கள். இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மார்ச் 3 அன்று வாஷிங்டன் தெருக்களில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் அவர்கள் அணிவகுத்தார்கள். கறுப்பினப் பெண்களை ஊர்வலத்தில் பார்க்க விரும்பாதவர்கள் அந்தப் பேரணிக்குள்ளேயே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த நடையின் கனம் புரியும். எல்லாப் பிளவையும் பதவிச் சண்டை என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தப் பிளவு இரண்டு நல்ல சங்கங்களைக் கொடுத்தது என்பது என் கருத்து.

ஹாவர்டில் பிறந்த இன்னொரு ஜோடியும் உண்டு. 1914-இல் மூன்று மாணவர்கள் ஃபை பீட்டா சிக்மா என்ற சகோதர சங்கத்தைத் தொடங்கினார்கள். குடும்பப் பின்னணியையோ தோற்றத்தையோ பார்க்காமல் ஆளைப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கறுப்பினத்தவருக்குள்ளும் பணமும் நிறத்தின் அடர்த்தியும் பார்க்கப்பட்ட காலம் அது. அவர்களுள் சிலரின் ஊக்கத்தோடு 1920-இல் ஐந்து பெண்கள் ஸீட்டா ஃபை பீட்டாவை நிறுவினார்கள். அண்ணன் சங்கம், தங்கை சங்கம் என்று இரண்டின் விதிகளிலுமே எழுதிவைத்துக்கொண்ட உறவு இது; கறுப்பினத்தவரின் மற்றப் பெரிய சங்கங்களில் இத்தகைய ஏற்பாடு இல்லை. 1948-இல் லைபீரியாவில் கிளை தொடங்கி ஸீட்டா பெண்கள் கடலையும் தாண்டினார்கள்.

இத்தகைய ஒன்பது சங்கங்களையும் சேர்த்து 'தெய்விக ஒன்பது' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். இவற்றுக்கான பொதுக்குழு 1930-இல் ஹாவர்டில் ஏற்பட்டது. இவற்றில் பட்டம் பெற்ற பிறகும் ஊர்தோறும் மூத்தோர் கிளைகள் இயங்குகின்றன. நாற்பது வயதில் புதிதாகச் சேர்பவர்களும் உண்டு. தேர்தலில் தாங்கள் பார்த்த கூட்டம் அந்தக் கிளைகளிலிருந்து வந்தது.

கேள்வி: நம்மவர்கள் தொடங்கிய சங்கம் ஏதேனும் உண்டா? (மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: உண்டு. பிறந்த நாட்டைப் பார்த்துப் பாகுபடுத்திய பழைய குடியேற்ற ஒதுக்கீட்டை 1965-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பிறகு அமெரிக்கா சென்ற இந்தியர்களின் பிள்ளைகள், 1980-களிலும் 90-களிலும் கல்லூரி வயதை அடைந்தார்கள். வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளர்ந்த அவர்களுக்கு, பழைய சங்கங்களின் கதவு சட்டப்படி திறந்திருந்தாலும் உள்ளே சென்றால் தாம் ஒருவர் மட்டும் வேறாகத் தெரிவோம் என்ற தயக்கம் இருந்தது. சித்தூரிலும் தேவிகுளத்திலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

1990-களில் இத்தகைய சங்கங்கள் வரிசையாக எழுந்தன. 1996-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்மா பீட்டா ரோ தோன்றியது. 1998-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலேயே ஆண்களுக்கு டெல்டா எப்சிலான் சையும் பெண்களுக்குக் கப்பா ஃபை காமாவும் ஒரே ஆண்டில் அமைந்தன. பின்னது, தெற்காசியப் பெண்களுக்கான முதல் சொராரிட்டி என்று தன்னைக் கூறிக்கொள்கிறது. அதே ஆண்டின் இறுதியில் நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சிக்மா சிக்மா ரோ. இவற்றில் தமிழர், மலையாளி, குஜராத்தி என்ற பிரிவினை இல்லை. பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கைப் பின்னணி உள்ளவர்களும், தெற்காசியரல்லாத சிலரும்கூடச் சேர்ந்திருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை அம்மா தம் தங்கை மகள் சேர்ந்த சங்கத்தின் பெயரை எழுதவில்லை. ஆஸ்டின் என்பதால், படத்திலுள்ள எழுத்துகளை ஒருமுறை உற்றுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஆங்கிலப் படங்களில் காட்டுவதுபோல் எல்லாச் சங்கத்துக்கும் மாளிகை உண்டா? ஆணும் பெண்ணும் ஒரே சங்கத்தில் சேர முடியாதா? (கல்லூரி மாணவர், வண்ணாமடை)

பதில்: இல்லை. மாளிகை உள்ளவை பெரும்பாலும் பழைய, பணபலம் மிக்க சங்கங்கள். மிச்சிகனின் ஆன் ஆர்பரில் 1846-இல் கை சை சங்கத்தார் காட்டுக்குள் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசைதான் இவற்றுக்கெல்லாம் மூதாதை. பிற்பாடு மாணவர் தொகை பெருகிக் கல்லூரிகளால் விடுதி கட்டி முடியாதபோது, சங்கங்களே வீடு வாங்கின. முன்னாள் உறுப்பினர்கள் பணம் போட்டார்கள். வீடு வந்ததும் சங்கத்தின் இயல்பே மாறிவிட்டது. விவாதம் பின்னால் போய் விருந்து முன்னால் வந்தது. கறுப்பினச் சங்கங்களும் தெற்காசியச் சங்கங்களும் பெரும்பாலும் வீடில்லாமலேயே நடக்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு: கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இந்தச் சங்கங்களுக்கு 1974-இல் விலக்கு அளித்தார்கள். ஆகவே தனித்தனியாக நடத்தத் தடையில்லை; சேர்த்து நடத்தவும் தடையில்லை. 1992-இல் பெர்க்லியில் தோன்றிய டெல்டா ஃபை பீட்டா இருபாலருக்குமான தெற்காசியச் சங்கம்.

கேள்வி: என் மகன் அடுத்த ஆண்டு அங்கே பொறியியல் படிக்கப் போகிறான். இந்தச் சங்கங்களில் சேர்ப்பதற்கு முன் கொடுமைப்படுத்துவார்கள், குடிக்கவைத்து உயிர்போன நிகழ்ச்சிகளும் உண்டு என்று கேள்விப்பட்டோம். இதுவும் நம் ஊர் ராகிங் மாதிரிதானா? (ஒரு தந்தை, கோபாலபுரம்)

பதில்: தாங்கள் கேள்விப்பட்டது உண்மை. ஹேஸிங் என்று அதற்குப் பெயர். அளவு மீறிக் குடிக்கவைத்ததில் மாணவர்கள் இறந்த வழக்குகள் பல நடந்திருக்கின்றன. சில கிளைகள் நிரந்தரமாக மூடப்பட்டன, உறுப்பினர்கள் சிறைக்கும் போயிருக்கிறார்கள். நல்ல வரலாறு உள்ள சங்கத்தின் கிளையிலும் இது நடந்திருக்கிறது. ஆகவே நான் மேலே எழுதிய பெருமைகளை வைத்து எந்தக் கிளைக்கும் நற்சான்று கொடுத்துவிட வேண்டாம்.

ராகிங்கோடு ஒப்பிடும்போது ஒரு முக்கிய வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ராகிங் விடுதிக்குள் காலடி வைத்த ஒவ்வொரு முதலாண்டு மாணவன்மீதும் பாய்கிறது. அவன் அதை வேண்டி வரவில்லை, தப்பிக்கவே பார்க்கிறான், வாய்ப்புக் கிடைத்தால் வீட்டில் சொல்கிறான். அங்கோ மாணவன் அந்தச் சங்கத்தில் சேரத் தானே ஆசைப்படுகிறான். சேர்த்துக்கொள்வதற்கான விலையாக அந்தக் கொடுமை அவன்முன் வைக்கப்படுகிறது. அதனால் பாதிக்கப்பட்டவனே வாயைத் திறப்பதில்லை. கொடுமையைத் தாங்கிச் சேர்ந்தவனோ, அடுத்த ஆண்டு அதையே வருகிறவனுக்குச் செய்வதைத் தன் உரிமை என்று நினைக்கிறான். இந்த மௌனம்தான் அதில் மிகவும் ஆபத்தானது.

சட்டம் இரு பக்கமும் இருக்கிறது. தமிழ்நாடு 1997-இலும் கேரளம் 1998-இலும் ராகிங் தடைச் சட்டம் இயற்றின. இரண்டிலும் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வாளையாறுக்கு எந்தப் பக்கம் படித்தாலும், மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறோம். அமெரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஹேஸிங்கைத் தடை செய்துள்ளன. டெக்சாஸ் சட்டப்படி, 'அவன் சம்மதித்துத்தான் செய்தோம்' என்று வாதாடித் தப்ப முடியாது. 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமாக இயற்றப்பட்ட சட்டம், எந்தச் சங்கத்தின்மீது என்ன குற்றம் நிரூபணமானது என்பதைக் கல்லூரிகள் வெளிப்படையாக வெளியிட வேண்டும் என்கிறது. தங்கள் மகனுக்கு அழைப்பு வந்தால், சட்டையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், கல்லூரியின் இணையப் பக்கத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தச் சந்தா எவ்வளவு, பயிற்சிக்காலம் எத்தனை வாரம், அதில் இரவு நிகழ்ச்சி உண்டா என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். மழுப்பலாகப் பதில் சொல்லும் கிளை அவனுக்கு வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் கல்லூரித் தமிழ் மன்றத்தில் பொறுப்பில் இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்குகிறோம். நூறாண்டுக்கு மேல் அவர்களால் எப்படி நடத்த முடிகிறது? (மாணவி, சித்தூர்)

பதில்: மகளே, இந்தக் கேள்வி என்னைச் சற்று வருத்தப்பட வைத்தது, ஏனென்றால் பல ஆண்டுகளுக்கு முன் எல்லையோரக் கல்லூரி ஒன்றில் தமிழ் மன்றத்துக்கு நான் பொறுப்பாசிரியராக இருந்தபோது, மன்றத்தின் மினிட்ஸ் நோட்டு தொலைந்துபோனது. மார்ச் மாதத்தில் இறுதித் தேர்வு எழுதிவிட்டுப் போன செயலாளர் வீட்டுக்குக் கொண்டுபோனார் என்றார்கள். நிர்வாக அலுவலகத்தில் வெள்ளையடித்தபோது பழைய காகிதத்தோடு போயிற்று என்றும் சொன்னார்கள். பதினெட்டு ஆண்டுக் கூட்டங்களின் பதிவு அதில் இருந்தது. அடுத்த ஜூனில் நாங்களும் ஒன்றுமில்லாத நிலையிலிருந்துதான் தொடங்கினோம்.

கேரளத்துக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் யூனியன் தேர்தல் நடந்தும் மாணவர் அமைப்புகள் தொடர்வதற்குக் காரணம், அவற்றின் பின்னால் கட்சி இருக்கிறது. அமெரிக்கச் சங்கங்களின் பின்னால் இருப்பது பழைய உறுப்பினர்கள். நம் ஊரில் பூர்வ வித்யார்த்தி சங்கமம் என்று முன்னாள் மாணவர் கூட்டம் நடத்துகிறார்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்து ஒருநாள் கூடி, பிரியாணி சாப்பிட்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைகிறார்கள். அவர்களுக்கும் இன்று படிக்கிற மாணவர்களின் மன்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அங்கே இரண்டும் ஒன்றே: இன்று சேரும் மாணவிக்கும் 1970-இல் சேர்ந்த மூதாட்டிக்கும் ஒரே சங்கம், ஒரே பட்டியல். பட்டியலில் பெயர் ஏறிய வரிசையைக்கூட அவர்கள் மறப்பதில்லை. எழுதிவைத்த விதி, ஆண்டுச் சந்தா, கிளைக்குப் பட்டயம், இரண்டாண்டுக்கோ மூன்றாண்டுக்கோ ஒரு பொது மாநாடு ஆகியவை அந்தப் பட்டியலைச் சுற்றிக் கட்டியவை.

கிரேக்க எழுத்தும் ரகசியக் கைகுலுக்கலும் தங்களுக்குத் தேவையில்லை. நீளமான, கட்டுப்போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் இந்த ஆண்டு உறுப்பினர் எல்லோரும் பெயர், ஊர், வீட்டு முகவரி எழுதிக் கையொப்பமிடட்டும். இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைத் துணைச் செயலாளராக்கி, பிப்ரவரி மாதத்திலேயே, தேர்வு நெருங்குவதற்கு முன், எல்லோர் முன்னிலையிலும் நோட்டை அவர் கையில் கொடுங்கள். பழைய உறுப்பினர் பத்துப் பேரையாவது தேடி ஆண்டுக்கு நூறு ரூபாய் வாங்குங்கள். அந்தப் பணத்தைவிட, வாங்குவதற்காக அவர்களிடம் போய்வருவது முக்கியம். நான் சொன்ன அந்தப் பழைய மினிட்ஸ் நோட்டு, நீல நிற அட்டை போட்டது, எந்த வாசகர் வீட்டுப் பரணிலாவது இருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். வந்து வாங்கிக்கொள்கிறேன்.